ஷூட் வைக்கலாம் என்றார்கள், யாரும் வரவில்லை

மாடலிங் படப்பிடிப்புக்கு ஆள் தேடும் அறிவிப்புகள் பேஸ்புக் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் நாள்தோறும் வருகின்றன. புதுமுகங்கள் வேண்டும், அனுபவம் தேவையில்லை, கட்டணம் இல்லை, படங்கள் இலவசம் என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடை, காவத்தை, றக்வானைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்து, உயர்தரம் முடித்துவிட்டு டவுனில் கடையிலோ சலூனிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இவற்றுக்கு ஆசையோடு பதில் போடுகிறார்கள். தவணை முறையில் கமரா வாங்கிய இளைஞர்கள் மறுபக்கத்தில் அதே ஆசையோடு ஆள் தேடுகிறார்கள். இரண்டு பக்கமும் சொல்லும் குறை ஒன்றுதான். நன்றாகப் பேசுகிறார்கள், நாள் குறிக்கிறார்கள், அன்றைக்குப் போன் ஓஃப். ஆள் வந்து படமும் எடுத்துவிட்டால், "எடிட் போய்க்கொண்டிருக்கு" என்ற பதிலோடு மாதங்கள் போகின்றன.

இதைச் சிலருடைய பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது.

கூலியில்லாமல் சேர்ந்து படம் எடுக்கும் இந்த முறையைத் தொழிலில் உள்ளவர்கள் டி.எஃப்.பி. (டைம் ஃபோர் பிரின்ட்) என்பார்கள். பிலிம் ரோல் காலத்தில் பிறந்த வழக்கம் அது. மாடல் தன் நேரத்தைக் கொடுப்பார்; புகைப்படக் கலைஞர் தன் நேரத்தோடு, கழுவி அச்சிட்ட படங்களையும் கொடுப்பார். ஒரு ரோலில் 36 படம்தான். பிலிம், கழுவும் கூலி, தாள் எல்லாவற்றுக்கும் காசு போகும். அவ்வளவு செலவு செய்பவர் யாரை அழைக்கிறோம் என்று பார்த்துத்தான் அழைப்பார். டிஜிட்டல் கமரா வந்ததும் அந்தச் செலவு மறைந்தது. சமூக ஊடகம் வந்ததும் அழைக்கும் சிரமமும் மறைந்தது. ஒரு மாலையில் பத்துப் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பலாம். அவர்களில் ஐந்து பேர் சரி என்பார்கள். அந்தச் சரியால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் எந்த நட்டமும் இல்லை. நட்டமில்லாத வாக்கைக் காப்பாற்றுவதற்கு அவசரமும் இல்லை.

கூலியில்லாக் கூட்டு இரத்தினபுரிக்குப் புதிதல்ல. மாணிக்கக் குழிகள் காலங்காலமாகப் பங்கு முறையில் நடந்து வந்தவை. நிலம் ஒருவருடையது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இன்னொருவர் பெயரில் இருக்கும். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கொடுப்பவர் வேறொருவர். குழிக்குள் இறங்கி, இல்லம் எனப்படும் கல் கலந்த மண்ணை வெட்டி மேலே அனுப்புகிறவர்கள் தொழிலாளர்கள். கல் கிடைக்கும்வரை யாருக்கும் பெரிதாக வருமானம் இல்லை. ஆனால் கல் விற்றால் யாருக்கு எத்தனை பங்கு என்பது மண்வெட்டி எடுக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். கல்லை எல்லோர் முன்னிலையிலும் கழுவுவார்கள். ஏமாற்றியவனை அடுத்த குழியில் யாரும் சேர்க்கமாட்டார்கள். இணையத்தில் நடக்கும் படக்கூட்டில் இந்த மூன்றுமே கிடையாது. பங்கு பேசுவதில்லை, கழுவுவதை யாரும் பார்ப்பதில்லை, ஏமாற்றியவர் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த குழுவுக்குப் போய்விடலாம்.

ஆள் வராமல் போவதில் நட்டம் எல்லோருக்கும் ஒன்றல்ல. கொழும்பில் இருப்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வீணாகும், அவ்வளவுதான். பலாங்கொடைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பெண்ணின் கணக்கு வேறு. இரத்தினபுரியிலிருந்தே கொழும்பு சுமார் 100 கிலோமீற்றர். பலாங்கொடை அதற்கும் மேலே. ஓப்பநாயக்க வரை ஓடிய குறுகிய பாதை ரயில் 1970களில் நின்றுபோனதிலிருந்து பஸ்தான் கதி. விடியுமுன் தோட்டத்துப் பாதையில் இறங்கி ஏ4 வீதிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். முன்பின் தெரியாத இடத்துக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாத தாய் கூடவே வருவார். வேலை நாளாக இருந்தால் தாயின் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். இரண்டு பேரின் பஸ் காசு, சாப்பாடு, இரவல் வாங்கிய சேலையைச் சலவைக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் அதோடு கூட்டிப் பாருங்கள். மருதானையில் இறங்கிப் போன் எடுத்தால், "சொறி, இன்றைக்கு முடியாது" என்ற ஒரு வரிச் செய்தி வந்திருக்கும்.

கமரா வைத்திருப்பவர்களின் மனக்குறையும் உண்மையானது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது கமராவும் லென்ஸும் சாதாரணப் பிள்ளையின் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டன. இருப்பதை வைத்துக் கல்யாணம், சடங்கு, கோயில் தேர் என்று எடுத்துப் பிழைக்கும் தம்பிமார், தங்கள் திறமையைக் காட்ட நாலு நல்ல படங்களுக்காகத்தான் மாடல் தேடுகிறார்கள். ஒப்பனை செய்ய ஒரு அக்காவைப் பிடித்து, லைட் வாடகைக்கு எடுத்து, தேயிலை மலையில் எடுப்பதற்குத் தோட்ட முகாமையாளரிடம் அனுமதியும் கேட்டிருப்பார்கள். மாடல் வரமாட்டார். காலையில்தான் வீட்டில் விஷயம் தெரிந்து அண்ணன் தடுத்திருப்பார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு அந்தப் பிள்ளை போனை அணைத்திருக்கும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில், ஆள் வந்த நாளில் வானம் ஒத்துழைக்காமல் போவதும் நடக்கும். இந்த இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். நாள் குறிக்கும் முன் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்காததுதான் அவர்கள் விடும் பிழை.

ஆள் வராததைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. உலக அளவில் இந்தத் துறையின் பெரிய சந்தையாக வளர்ந்தது மொடல் மேஹெம் என்ற அமெரிக்க இணையத்தளம். 2008இல் அதை இன்ரர்நெற் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. புளோரிடாவைச் சேர்ந்த இருவர், மாடல் தேடும் முகவராக நடித்து, அந்தத் தளத்தில் இருந்த பெண்களைப் பொய்யான தெரிவுக்கு வரவழைத்து, மயக்க மருந்து கொடுத்து வன்புணர்ந்து அதைப் படமாக்கினார்கள். 2012இல் இருவருக்கும் தலா 12 ஆயுள் தண்டனைகள் கிடைத்தன. பாதிக்கப்பட்ட ஒரு பெண், அவர்களைப் பற்றித் தளத்தின் உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தும் தங்களை எச்சரிக்கவில்லை என்று வழக்குப் போட்டார். பிறர் பதிவிடுவதற்கு இணையத்தளங்களைப் பொறுப்பாக்காத அமெரிக்கச் சட்டம் இந்த வழக்கைத் தடுக்காது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இலும், திருத்திய தீர்ப்பில் 2016இலும் சொன்னது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இருவரும் அணுகியது தொழில்முறை முகவர் வேடத்தில். விவரம் குறைவான அழைப்பு மட்டும்தான் பொறி என்று நினைக்கக் கூடாது. எல்லா விவரமும் அழகாக எழுதப்பட்ட அழைப்பும் பொறியாக இருக்கலாம். துணைக்கு ஆள் வரக்கூடாது என்று ஒருவர் சொன்னால், வேறு எதையும் ஆராயத் தேவையில்லை, போகாமல் விட்டுவிடலாம்.

தோட்டத்து மக்களுக்கும் கமராவுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். களுத்துறையில் இருந்தபோது அவர் எடுத்த படங்களில் இருப்பவர்கள் அங்கே வேலை செய்த சாதாரண மக்கள். ஒருவருடைய முதுகின் அழகுக்காகவே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார், வீட்டிலோ தோட்டமே இல்லை என்று, அவரைக் காண வந்த ஓவியர் மரியான் நோர்த் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதரின் பெயரை நோர்த் எழுதவில்லை. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே ஸ்ரூடியோவும் அதைப் போன்ற பிறவும் தபால் அட்டைகளை அச்சிட்டு உலகெங்கும் விற்றன. கொழுந்தெடுக்கும் பெண்களும் மூக்குத்தி அணிந்த தமிழ்ப் பெண்களும் அவற்றில் இருந்தார்கள். படத்தின் கீழே இனம் இருக்கும், தொழில் இருக்கும், பெயர் இருக்காது. கூடை சுமந்த பெண்ணின் படம் இன்றைக்கும் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் விலை போகிறது. ஆகவே, என் பெயரைப் போடுவீர்களா, படம் எங்கே போகும், எனக்கு எத்தனை தருவீர்கள் என்று ஒரு தோட்டத்துப் பெண் கேட்டால் அதைத் திமிர் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவருடைய பாட்டிக்குக் கேட்க வாய்ப்பில்லாமல் போன கேள்விகள் அவை.

சட்டத்தைப் பற்றிப் பலரிடம் தவறான எண்ணம் இருக்கிறது. முகம் என்னுடையது, ஆகவே படமும் என்னுடையது என்று மாடல்கள் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படத்தை ஆக்கியவரே அதன் பதிப்புரிமைக்கு முதல் சொந்தக்காரர். அவர் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நிற்கும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையில் எடுத்த படமென்றால் உரிமை முதலாளிக்குப் போகும். அதனால், எதுவும் எழுதாமல் படம் எடுக்க நின்றவருக்கு, அந்தப் படத்தைத் தன் சலூன் விளம்பரத்தில் போடும் உரிமைகூடத் தானாக வந்துவிடாது. கலைஞரின் பெயரை வெட்டிவிட்டுப் பதிவிடுவது அவருடைய தார்மீக உரிமையைத் தொடும் காரியம். அதேபோல, பதிப்புரிமை தன்னிடம் இருப்பதால் அந்தப் பெண்ணின் முகத்தை எந்தப் பொருளுக்கும் விற்கலாம் என்று கலைஞர் நினைப்பதும் நியாயமல்ல. நிறுவனங்கள் படம் வாங்கும்போது மாடல் ஒப்பமிட்ட சம்மதக் கடிதத்தைக் கேட்பது இதனால்தான். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் கமராவைத் திறக்கவே கூடாது.

ஒப்பந்தம் என்றதும் சட்டத்தரணியைத் தேடி ஓட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் விளங்கும் தமிழில் அரைப் பக்கம் போதும். எந்த நாள், எந்த இடம், என்ன உடை, யார் யார் இருப்பார்கள். திருத்திய படம் எத்தனை, எந்தத் திகதிக்குள். யார் எங்கே பதிவிடலாம், விற்றால் எப்படிப் பங்கு. ஒருவர் வராவிட்டால் மற்றவரின் பயணச் செலவை யார் கொடுப்பது என்ற வரி மிக முக்கியம். பலர் அதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தாலே விளையாட்டுக்குப் பேசியவர்கள் விலகிவிடுவார்கள். கலைஞர் முன்பு படம் எடுத்த இரண்டு மாடல்களோடு பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒழுங்கானவர் கோபிக்கமாட்டார், எண்ணைத் தருவார். மாடலிடம் கலைஞரும் அப்படியே கேட்கலாம். முதல் சந்திப்பைக் கமரா இல்லாமல், பகலில், டவுனில் நாலு பேர் இருக்கும் தேநீர்க் கடையில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

என்னைக் கேட்டால், கொழும்புக்கு ஆள் தேடி ஓடுவதற்கு முன் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இருப்பவர்களே ஒருவரையொருவர் தேடிக்கொள்வது நல்லது. மணப்பெண் அலங்காரம் செய்யும் சலூனுக்குப் படம் வேண்டும். சேலைக் கடைக்கும் நகைக் கடைக்கும் படம் வேண்டும். ஸ்ரூடியோக்காரருக்கு ஆள் வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரே பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி இருக்கிறார்கள். ஒருவரின் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வராமல் போனவர் திங்கட்கிழமை கடை வாசலில் முகம் காட்டியாக வேண்டும். படம் உடனே நாடெங்கும் பரவாமல் இருக்கலாம், ஆனால் படம் கைக்கு வரும்.

இணையத்தில் அறிமுகமானவர் படங்களைக் காட்டி மிரட்டினாலோ காசு கேட்டாலோ செய்திகளை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பெண்கள் 1938 என்ற எண்ணுக்கும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்காக 1929 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.