பாதி ஆண்டில் வந்த பிள்ளை

மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. மழை குறைவான பூமி. தசரா முடிந்து தீபாவளி நெருங்கும்போது அங்கே பல கிராமங்கள் பாதி காலியாகிவிடும். லாரியும் டிராக்டரும் வந்து நிற்கும். பானை, பாத்திரம், மூட்டை, ஆடு, கோழி எல்லாம் ஏறும். கடைசியில் பிள்ளைகளும் ஏறுவார்கள். எல்லோரும் கரும்பு வெட்டப் போகிறார்கள். சாங்லி, கோலாப்பூர் பக்கம் போவார்கள். சிலர் கர்நாடகம் வரைக்கும் போவார்கள்.

முகாதம் என்னும் மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார். வாங்கிய பணத்துக்கு வெட்டித் தீர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'கோய்த்தா' என்று கணக்கு. கோய்த்தா என்றால் அரிவாள். இரண்டு ஆளுக்கு ஓர் அரிவாள் கணக்கு. கூடப் போகும் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் அதுவும் வேலை செய்யும். கொழுந்தாடையைப் பொறுக்கும். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தண்ணீர் எடுத்து வரும்.

அந்த மாநிலத்தில் பள்ளி ஜூன் மாதம் திறக்கிறது. கரும்பு வெட்டு ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது நாலைந்து மாதப் படிப்பு. ஊர் திரும்பும்போது பாடம் முடிந்திருக்கும்.

கரும்புக் காட்டுக்குப் பக்கத்து ஊரிலும் ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு தாய் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்:

"பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அம்மா? பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் எங்கே? ஆதார் அட்டை? இது டிசம்பர் மாதம். ஜூனில் வாருங்கள்."

ஜூனில் அவள் அங்கே இருக்க மாட்டாள். திரும்பிப் போய்விடுகிறாள். செங்கல் சூளைக்குப் போகிறவர்களுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். மாநிலத்தின் பெயர் மட்டும் மாறும்.

ஆனால் அந்தத் தலைமை ஆசிரியர் சொன்ன நாலு பதிலில் ஒன்றுகூடச் சட்டப்படி செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு. இதற்கான சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழ். வேலைக்குப் போன இடத்தில் பிறந்த பிள்ளைக்குப் பல சமயம் பதிவே இருக்காது. அது பிள்ளையின் குற்றம் அல்ல. ஆஸ்பத்திரிப் பதிவேடு, கிராம நர்ஸ் எழுதி வைத்த பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, இவற்றில் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் பிள்ளையின் வயது இன்னது என்று பெற்றோரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். வயதுக்குச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது.

மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளி கேட்டவுடன் தர வேண்டும். இழுத்தடித்தால் அங்குள்ள தலைமை ஆசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். அது வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் அதற்கு முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பள்ளியில் சேர ஆதார் கட்டாயம் அல்ல.

டிசம்பரில் வந்தால் என்ன? பிப்ரவரியில் வந்தால் என்ன? ஆண்டின் எந்த மாதத்தில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது அந்த ஊர் உள்ளாட்சியின் கடமை என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பள்ளிக்கே போகாத 10 வயதுப் பிள்ளையை 1-ஆம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். சின்னக் குழந்தைகள் நடுவே அது வெட்கப்படும். சில நாளில் நின்றுவிடும். அப்படிச் செய்யக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அந்தப் பயிற்சி நடக்கலாம். அப்படிச் சேர்ந்த பிள்ளை, 14 வயது தாண்டினாலும், 8-ஆம் வகுப்பு முடியும்வரை இலவசமாகப் படிக்கலாம்.

ஊரிலேயே தங்கிப் படிக்க

சேர்த்துக்கொண்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. மராத்தி பேசும் பிள்ளை கன்னடப் பள்ளியில் உட்கார்ந்தால் பாடம் எப்படிப் புரியும்? அதனால் பிள்ளை ஊரிலேயே தங்குவதுதான் பல குடும்பங்களுக்கு நல்ல வழி. பாட்டியோ பெரியம்மாவோ ஊரில் இருந்தால் இது நடக்கும். மகாராஷ்டிரத்தில் இதற்காகப் பருவகால விடுதிகள் உண்டு. பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் கவனிப்பும் கொடுக்கும் ஏற்பாடு இது. ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்ட விடுதிகள் நடத்தப்படுகின்றன. வண்டி ஏறும் நாளில் போய்க் கேட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பள்ளியில் பெயர் கொடுப்பது நல்லது.

பெண் பிள்ளை என்றால் கவலை இன்னும் அதிகம். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட்டுப் போகப் பயந்து, சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவிடும் பெற்றோர் பீட் மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உண்டு உறைவிடப் பள்ளி உதவும். இந்தத் திட்டம் 2004-இல் தொடங்கியது. கல்வியில் பின்தங்கிய பல வட்டாரங்களில் இந்தப் பள்ளிகள் இருக்கின்றன. 6-ஆம் வகுப்பிலிருந்து சேரலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஏழைக் குடும்பத்தினர் வீட்டுப் பெண்களுக்கு இடம். தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். சில பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு வரை உண்டு. ஒரு பெண் 18 வயது வரை படித்துக்கொண்டே இருந்தால் கல்யாணப் பேச்சும் தானாகத் தள்ளிப்போகும்.

எந்த அரசுப் பள்ளியில் சேர்ந்தாலும் 8-ஆம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. புத்தகம் இலவசம். மதியம் சமைத்த சாப்பாடு உண்டு. 5-ஆம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 6 முதல் 8 வரை 150 கிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பாதி ஆண்டில் வந்த பிள்ளைக்கும் இதே சோறுதான். உடல் ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி 18 வயது வரை உண்டு.

மறுத்தால் யாரிடம் போவது?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். முதலில் அவர்களிடம் சொல்லலாம். அந்த ஊர்ப் பெற்றோர் கேட்டால் தலைமை ஆசிரியர் பெரும்பாலும் இறங்கி வருவார். அதிலும் முடியாவிட்டால் ஊராட்சிக்கோ வட்டாரக் கல்வி அதிகாரிக்கோ மனு எழுத வேண்டும். எழுத்தில் வந்த புகாரை உள்ளாட்சி மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். கரும்பு வெட்டு முடிந்துவிடும் என்ற விஷயத்தையும் மனுவில் எழுதினால் அவசரம் புரியும்.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், வயது, போன பள்ளி, போன தேதி, அங்கே என்ன சொன்னார்கள் என்பது, இவ்வளவு இருந்தால் போதும். இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.