சுடாமலே சுடும் துப்பாக்கி!

கண்ணுக்குத் தெரியாது. சத்தம் வராது. புகை, நெருப்பு எதுவும் கிடையாது. ஆனா, தூரத்துல நிக்கிற ஒரு வண்டியில பட்டனைத் தட்டினா போதும்... எரியிற அடுப்புக்குள்ள முகத்தை நீட்டின மாதிரி உடம்பு தகிக்கும். ரெண்டு மூணு விநாடி தாங்குறதே பெரிய விஷயம். அலறிட்டு ஓடி, நாலு அடி தள்ளி நின்னா... எரிச்சல் காலி! பெரும்பாலும் காயம்கூட இருக்காது.

ஷங்கர் பட கிராஃபிக்ஸ் இல்லை பாஸ். 'ஆக்டிவ் டினையல் சிஸ்டம்' என்ற பெயரில் அமெரிக்க ராணுவம் உருவாக்கிய நிஜ ஆயுதம். 2001-ல்தான் வெளியுலகத்துக்கே சொன்னார்கள். பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர், 'வலிக் கதிர்'!

அரை மில்லிமீட்டர் மேஜிக்

ஃபிசிக்ஸ் கிளாஸை கட் அடித்தவர்களுக்கும் புரியும், வாங்க. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அலைவரிசை 2.45 கிகாஹெர்ட்ஸ். அது உணவுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் இறங்கி சூடாக்கும். வலிக் கதிரோ 95 கிகாஹெர்ட்ஸ். அலைவரிசை எகிற எகிற, ஊடுருவும் ஆழம் குறையும். அதனால் இந்தக் கதிர் தோலில் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆனால், வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதே அங்கேதான். உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கு சேதம் இல்லாமல் மூளைக்கு மட்டும் 'ஓடு ஓடு' என்று தந்தி போகும்!

2010-ல் ஆப்கானிஸ்தான் வரைக்கும் போனது இந்த வண்டி. ஒரு தடவைகூட பயன்படுத்தாமலே திரும்பி வந்துவிட்டது.

பசை நுரையும் காதல் குண்டும்

எதிரியும் அப்பாவி மக்களும் கலந்து நிற்கிற இடத்தில் என்ன செய்வது? ராணுவங்களை ரொம்ப காலமாகக் குடையும் கேள்வி இது. 1995-ல் சோமாலியாவுக்குப் போன அமெரிக்க மரைன் வீரர்கள் 'பசை நுரை' பீய்ச்சும் கருவியோடு போனார்கள். மேலே பட்டால் ஆள் நகர முடியாது. ஆனா, மூக்கிலும் வாயிலும் பட்டா? மூச்சே நின்னுடும்!

காமெடியும் உண்டு. 1994-ல் அமெரிக்க விமானப்படையின் ரைட் ஆய்வகம் ஒரு யோசனை சொன்னது. எதிரி வீரர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் மோகம் கொண்டு சண்டையையே மறக்கவைக்கும் ரசாயனம்! கேட்ட பட்ஜெட் 75 லட்சம் டாலர். குண்டு வரவில்லை, ஆனால் 2007-ல் கிண்டல் விருதான 'இக் நோபல்' பரிசு வந்தது, அதுவும் சமாதானத்துக்காக!

நம்ம ஊரும் சும்மா இல்லை. அஸ்ஸாம் தேஜ்பூரில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம், 'பூத் ஜோலோகியா' மிளகாயை வைத்தே கையெறி குண்டு தயாரித்தது. 2007-ல் உலகின் காரமான மிளகாய் என கின்னஸில் ஏறிய அதே மிளகாய்தான்!

சிரிப்பு நிற்கும் இடம்

2002, அக்டோபர் 23. மாஸ்கோவின் துப்ரோவ்கா தியேட்டரில் 800-க்கும் மேற்பட்டவர்களை செசன்ய தீவிரவாதிகள் பிணையாகப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில், ரஷ்யப் படைகள் காற்றுக்குழாய் வழியாக மயக்க வாயுவை உள்ளே அனுப்பின. தீவிரவாதிகள் மயங்கினார்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால், சுமார் 130 பிணையாளிகளும் இறந்துபோனார்கள். பெரும்பாலானோரின் உயிரைக் குடித்தது, காப்பாற்ற அனுப்பிய அதே வாயுதான். என்ன வாயு என்பதே சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அது ஃபென்டானில் வகை மருந்து என்று ரஷ்ய சுகாதார அமைச்சர் சொன்னது நாலு நாள் கழித்து. அதுவும், 'தன்னளவில் உயிரைக் கொல்லாத பொருள்' என்ற விளக்கத்தோடு!

தப்பு எங்கே? ஆபரேஷன் டேபிளில் ஒரு நோயாளிக்கு ஒரு மயக்க டாக்டர். எடை பார்த்து, வயது பார்த்து டோஸ் கொடுப்பார். ஒரு ஹால் முழுக்க வாயுவை நிரப்பினால், பீமனுக்கும் அதே காற்று, பள்ளிக்கூடப் பொண்ணுக்கும் அதே காற்று.

வலிக் கதிரிலும் இதே சிக்கல்தான். ஓட முடிந்தவனுக்கு அது வெறும் சூடு. கூட்டத்தில் சிக்கியவருக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, கை கட்டப்பட்டவருக்கு? 2007-ல் நடந்த சோதனையில் அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவருக்கே இரண்டு கால்களிலும் தீக்காயம். தழும்பு இல்லாத வலி என்றால், சித்ரவதைக்கு சாட்சியும் இல்லாமல் போகுமே என்பது இன்னொரு பயம். காஷ்மீரில் 'உயிருக்கு ஆபத்தில்லை' என்று பயன்படுத்திய பெல்லட் துப்பாக்கியால், 2016-ல் எத்தனையோ இளைஞர்களின் கண் பார்வை போனது.

சட்டமும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறது. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களுக்கு 1995-லேயே சர்வதேசத் தடை. கண்ணீர்ப்புகையைப் போலீஸ் பயன்படுத்தலாம். போர்முறையாகப் பயன்படுத்த 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தம் அனுமதிக்காது. மாஸ்கோ பாணி மயக்க வாயுவை சட்டம் ஒழுங்குக்காகக்கூட காற்றில் தூவக் கூடாது என்று அந்த ஒப்பந்த நாடுகள் முடிவெடுத்தது 2021-ல்தான். இடையில் 19 வருஷம்!

விஷயம் தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் 'கொல்லாத ஆயுதம்' என்று சொல்வதில்லை. 'குறைவாகக் கொல்லும் ஆயுதம்' என்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஏரோநாட்டிக்ஸ் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் நாளைக்கு இப்படியொரு லேபில் உட்காரலாம். டிசைன் ஷீட்டில் 'எவ்வளவு தூரம், எத்தனை விநாடி' என்ற கட்டங்கள் கட்டாயம் இருக்கும். 'ஓட முடியாதவர் என்ன செய்வார்?' என்ற கட்டம் இருக்காது. அதை நீங்கதான் போடணும் பாஸ்!