கடற்பாலத்தின் இரு பக்கமும் கேட்கப்படும் கேள்வி

ஜொகூர் பாருவில் விடியற்காலை 5 மணிக்கு முன்பே சீருடையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 1924இல் திறக்கப்பட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் படித்துவிட்டு, அன்றே வீடு திரும்புகிறவர்கள் இவர்கள்.

இவர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘நான் யார்?’ என்ற கேள்வி சீக்கிரமே எழுகிறது. மொழியையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் தேசிய மொழி மலாய். ஆனாலும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் தமிழில் நடக்கின்றன. சிங்கப்பூரிலோ தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் பள்ளியில் அது தாய்மொழிப் பாடம் மட்டுமே; கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான்.

காலைக் கொடியேற்றத்தையும் பாருங்கள். சிங்கப்பூரின் தேசிய கீதம் மலாயில் உள்ளது. பாடும் நண்பர்கள் பலருக்கு மலாய் பேசத் தெரியாது. பொருள் புரிந்த ஜொகூர்ப் பிள்ளை, மலேசியக் குடிமகன் என்பதால் பாடாமல் மரியாதையாக நின்றால் போதும்.

வகுப்பில் ‘மலேசியாக்காரன்’. மாலையில் வீட்டுப் பக்கத்துத் திடலில் ‘சிங்கப்பூர்ப் பையன்’. இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அங்கேயே வேலை, குடும்பம் என்று அமைந்தால், ஒருநாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையும் வரலாம்.

ஆகவே மதிப்பெண்ணோடு, “இன்னிக்கு ஸ்கூல்ல உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?” என்றும் பெற்றோர் கேட்பது நல்லது. விடுமுறையில் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். நாட்டின் பெயர் கடப்பிதழில் இருக்கும். குடும்பம் வந்த கதையை வீட்டில்தான் சொல்ல வேண்டும்.