அண்டை அண்டம்

தலைநகரில் அண்டை வீட்டாரை அறிவோம்; அண்டை அண்டத்தை அறிவோமா? நாம் வாழும் பால்வீதி ஒரு விண்மீன் அண்டம். அதற்கு அண்மையிலுள்ள பெரிய சுருள் அண்டமே ஆண்ட்ரோமீடா. முன்னர் அதனைப் பால்வீதிக்குள் அடங்கிய வெண்முகிலெனப் பலர் கருதினர். 1923-இல் எட்வின் ஹபிள் அதன்கண் கண்ட மாறொளி விண்மீன் ஒன்றே, அது தனி அண்டமென மெய்ப்பித்தது. 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி விண்மீன்களுடன் அது சுழல்கிறது. 2015-இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் அதனைப் புறஊதாக் கதிரில் படமெடுத்துள்ளது.

வெறுங்கண்ணுக்குப் புலனாகும் அவ்வொளி, நம் மனித இனம் தோன்றுமுன்னரே புறப்பட்டதாகும். தில்லியின் விளக்கொளியும் புகையும் அதனை மறைக்கின்றன. ஆதலின், மார்கழி விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நிலவற்ற முன்னிரவில், வடவானில் உயரத்தே மங்கிய வெண்திட்டாய்த் தோன்றும் அதனை நம் மக்களுக்குக் காட்டுவோமாக!