பிரிட்ஜில் தாவிக் கேட்டால் பத்து விநாடி ஏன் காத்திருக்கணும்?

பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏலத்தை ஒரு மொழி என்று எடுத்துக்கொண்டால், அதில் மொத்தம் 38 சொற்கள்தான். ஒன்று முதல் ஏழு வரை ஏழு படிகள், ஒவ்வொரு படியிலும் நான்கு ஜாதியும் நோ டிரம்ப்பும், ஆக 35. இதோடு பாஸ், டபுள், ரீடபுள். கையில் இருக்கும் 13 சீட்டையும் எதிரே இருக்கும் பார்ட்னருக்கு இதை வைத்துத்தான் விளக்கியாகணும். வேறு சைகை, முகபாவம், குரல் ஏற்ற இறக்கம் எதுவும் கூடாது.

இதில் தாவல் ஏலம் என்பது, தேவைக்கு மேல் ஒரு படியாவது எகிறிக் கேட்பது. வலது பக்கத்துக்காரர் 1 ஹார்ட் என்கிறார். உங்களுக்கு 1 ஸ்பேட் போதும், ஆனால் 3 ஸ்பேட் என்று போடுகிறீர்கள். பெரும்பாலும் கையில் ஸ்பேட் ஏழு இருக்கும், மற்றபடி வெத்து. எதிராளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடமில்லாமல் அடைப்பதுதான் நோக்கம்.

இப்போது உங்கள் இடது பக்கத்துக்காரருக்குச் சிக்கல். நிதானமாக 2 படியில் சொல்ல நினைத்ததை 4 படியில் சொல்லலாமா, விட்டுவிடலாமா? பன்னிரண்டு விநாடி யோசித்துவிட்டு பாஸ் என்கிறார். அவர் வாயிலிருந்து வந்தது பாஸ் மட்டும்தான். ஆனால் அவர் பார்ட்னருக்குப் போய்ச் சேர்ந்தது, ‘கையில் சரக்கு இருக்கு, கொஞ்சம்தான் குறையுது’ என்ற சேதி. சட்டென்று பாஸ் போட்டிருந்தால், ‘ஒண்ணுமில்ல’ என்று அர்த்தம். ஆக, 38 சொற்கள் உள்ள மொழியில் திருட்டுத்தனமாக இன்னும் இரண்டு சொற்கள் முளைத்துவிட்டன.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முதல் தப்பிலேயே நின்றுவிடும் நிரல், எத்தனை எழுத்து சரி என்பதை எடுத்துக்கொண்ட நேரத்தின் மூலமே காட்டிக்கொடுத்துவிடும். கணக்கிட ஆகும் நேரத்தை அளந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று பால் கோச்சர் 1996-ல் காட்டினார். அதற்கு ஒரு மருந்து, சரியோ தப்போ, எப்போதும் ஒரே நேரம் எடுத்துக்கொள்வது. பிரிட்ஜ்காரர்கள் இதே மருந்தை அதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். தாவல் ஏலத்துக்குப் பிறகு, அடுத்தவர் கையில் எது இருந்தாலும் சுமார் பத்து விநாடி காத்திருக்கணும். அவ்வளவுதான் விதி.

அதை நினைவுபடுத்தவே ஏலப் பெட்டியில் சிவப்பு ‘ஸ்டாப்’ அட்டை. இங்கிலாந்தில் தாவுகிறவர் அட்டையை வைத்து, ஏலத்தைப் போட்டு, பத்து விநாடி கழித்துத்தான் அட்டையை எடுப்பார். அதுவரை அடுத்தவர் பேசக்கூடாது. வட அமெரிக்காவில் அட்டையைக் காட்டிவிட்டு உடனே எடுத்துவிடுவார்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்வது அடுத்தவர் பொறுப்பு. 2018-ல் அங்கே அட்டையையே ஒழித்துவிட்டார்கள். காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் இங்கிலாந்து முறைதான் தேவலை. யோசிக்கிற ஆளையே கடிகாரமும் பார்க்கச் சொல்வது சரியான வேலைப் பங்கீடு இல்லை.

அட்டையிலும் ஓட்டை உண்டு. பலமான கையோடு தாவும்போது மட்டும் அட்டையை வைத்து, பலவீனமான கைக்கு ‘மறந்துவிட்டால்’ அட்டையே சைகை ஆகிவிடும். அதனால் வைத்தால் எல்லாத் தாவலுக்கும் வைக்கணும். அதே மாதிரி, பத்து விநாடியும் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு விரலால் மேஜையைத் தட்டினால், ‘எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல’ என்று சொன்னதாகத்தான் அர்த்தம். சும்மா இருந்தாலும் சீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கணும்.

இந்த விதி ஏமாற்றுக்காரர்களுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கு ஆயிரம் வழி. இது நேர்மையான ஆளைக் காப்பாற்றுகிற விதி. சட்டம் 73, பார்ட்னரின் தயக்கத்திலிருந்து எந்த ஆதாயமும் எடுக்கக்கூடாது என்கிறது. சட்டம் 16, நியாயமான வழிகள் இரண்டு இருந்தால், தயக்கம் சுட்டிக்காட்டும் வழியில் போகாதே என்கிறது. பார்ட்னர் தயங்கி பாஸ் போட்டார். உங்கள் கை இரண்டுங்கெட்டான், டபுள் போடலாம், விடவும் விடலாம். தயக்கமே இல்லாதிருந்தாலும் டபுள்தான் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் போடக்கூடாது. போட்டு ஜெயித்தால், எதிராளிகள் டைரக்டரைக் கூப்பிடலாம், அவர் ஸ்கோரை மாற்றலாம். பார்ட்னர் யோசித்ததற்கு உங்கள் கை கட்டப்படுகிறது. தாவலுக்குப் பிறகு எல்லோரும் பத்து விநாடி எடுத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் யோசித்ததில் சேதி எதுவும் இல்லை. நீங்கள் சுதந்திரமாக டபுள் போடலாம்.

பெரிய போட்டிகளில் மேஜையின் குறுக்கே திரை இருக்கும். உலகப் போட்டியில் இது வந்தது 1975-ல், பெர்முடாவில். திரைக்கு ஒரு பக்கம் ஒருவரும் அவருடைய எதிராளி ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் ஏலம் போட்ட பிறகுதான் தட்டு மறுபக்கம் நகரும். தட்டு தாமதமாக வந்தால் யோசித்தது பார்ட்னரா, எதிராளியா என்று தெரியாது. அங்கே ஸ்டாப் அட்டைக்கு வேலையே இல்லை.