எலிக்கு வைத்த மருந்து

பெங்களூர் ஞானபாரதி பகுதியில் ஒரு நர்சிங் மாணவர் விடுதி. 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு, எலிகளை ஒழிக்க நிர்வாகம் மருந்தடித்தது. மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனதோ 19 மாணவர்கள். அதே நவம்பரில் சென்னை குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடிக்கு இரு குழந்தைகள் பலி.

நஞ்சு தேவையே இல்லை. வழியை அடைத்தால் போதும். பென்சில் நுழையும் இடுக்கில் சுண்டெலியும் நுழைந்துவிடும். புறநகர்வாசிகள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாயும் கேபிளும் சுவரைத் துளைக்கும் இடங்களை. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினால் எலியால் குடைய முடியாது. கதவடிக்குத் தகரப் பட்டை. பரணில் சத்தம் கேட்டால் மொட்டை மாடியை உரசும் தென்னை மட்டையை முதலில் வெட்டுங்கள். கூரை எலி அதன் வழியாகத்தான் இறங்குகிறது.