மிருதங்கத்தின் இடந்தலை

மாணவர்களே, மின்சார பேஸ் கிதாரில் தொனியை மாற்றும் திருகு ஒன்றுண்டு. அதைக் குறைத்தால் மின்தேக்கியொன்று உச்ச அதிர்வுகளை வடித்துவிடும். கனத்த நாதம் மிஞ்சும். சுருதி மட்டும் மாறாது.

நம் மிருதங்கத்துக்கோ ரவைதான் திருகு. மாதனூர் வட்டாரத்தில் தோல் என்றாலே பதனிட்ட தோல்தான் நினைவுக்கு வரும். மிருதங்கத்துக்கு வேண்டியதோ பதனிடாத தோல். இடந்தலையாகிய தொப்பியின் நடுவே, நீரில் பிசைந்த ரவையை அப்புவர். பாரம் ஏற ஏறத் தோல் மெதுவாக அதிரும், சுருதியே தாழும். பெரும்பாலும் ஆதார சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே நிறுத்துவர்.

வலந்தலையின் கரணை நிலையானது. அப்பாரத்தால் மேலதிர்வுகள் இசைவான விகிதத்தில் அமைவதை சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ரவையோ கச்சேரியிலேயே உலரும். வித்துவான் அவ்வப்போது நீர் தொட்டு வைப்பார். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவர். இறுகவிட்டால் தோலுக்குக் கேடு.